குளோசிங் அன்று பணம்: விற்பனைக்கு முந்தைய வீட்டுச் சீரமைப்புச் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் வீட்டை விற்க முனைபவர்களிடம் முகவர்கள் இப்போது அடிக்கடி எடுத்துவைக்கும் சேவை ஒன்று உண்டு. சுவர் வண்ணம், தரை, விளக்குகள், குளியலறைச் சீரமைப்பு, தோட்டம், வாங்க வருபவர்களின் கண்ணுக்கு அறைகளை ஒழுங்குபடுத்தும் ஸ்டேஜிங் வரை எல்லாவற்றையும் ஒரு நிறுவனம் நம்மிடம் முன்பணம் வாங்காமல் செய்து தருகிறது. வீடு விற்று உரிமை கைமாறும் குளோசிங் நாளில், நமக்கு வரவேண்டிய தொகையிலிருந்து தன் கணக்கைக் கழித்துக்கொள்கிறது. வட்டி கிடையாது என்பதுதான் விளம்பரத்தின் முதல் வரி. நியூ ஜெர்சியின் எடிசனில் இருந்த எங்கள் வீட்டை இந்தச் சேவையின் வழியாகத்தான் தயார் செய்து விற்றோம். வேலை மாற்றம் காரணமாக நாங்கள் டெக்சாஸுக்கு முன்கூட்டியே குடிபெயர வேண்டியிருந்தது. கையிருப்பு முழுவதும் புதிய வீட்டின் முன்தொகைக்குப் போய்விட்டது. இதே நிலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை அறிவேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் அமர்த்திய நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இத்தகைய நிறுவனங்கள் ஊருக்கு ஊர் உள்ளூர் ஒப்பந்தக்காரர்களை வைத்தே வேலையை முடிக்கின்றன. எனவே எனக்குக் கிடைத்த திட்ட மேலாளரும் தரைவேலைக்காரரும் வேறு ஊரில் இருப்பவருக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் சேவையின் அமைப்பு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த அமைப்பு இரண்டு வகைப்படும். முதல் வகையில் முகவர் நிறுவனமே செலவுக்கு ஏற்பாடு செய்கிறது. 2018இல் கம்பஸ் நிறுவனம் தொடங்கிய ‘கம்பஸ் கன்சியர்ஜ்’ இதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதன் நிபந்தனைப்படி, வீடு விற்கும் நாள், முகவருடன் செய்துகொண்ட விற்பனை ஒப்பந்தம் முடியும் நாள், தொடங்கியதிலிருந்து 12 மாதம் நிறையும் நாள் ஆகிய மூன்றில் எது முதலில் வருகிறதோ அன்று பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். பணம் தனியான கடன் நிறுவனம் ஒன்றின் வழியாக வருமிடங்களில் நம் கடன் வரலாற்றையும் பார்ப்பார்கள். மாநிலத்தைப் பொறுத்துக் கட்டணமும் இருக்கலாம். இந்த முறையில் வேலையாட்களைத் தேர்ந்தெடுப்பது நாமும் முகவரும்தான். இரண்டாம் வகையில், மேரிலாந்தில் தொடங்கிய கர்பியோவைப் போல, நிறுவனமே தலைமை ஒப்பந்தக்காரராக நின்று வேலை முழுவதையும் ஏற்கிறது. ஆட்களும் அவர்களுடையவர்கள், பொருளும் அவர்கள் வாங்குவது, விலையும் அவர்கள் வைப்பது. நாங்கள் எடுத்தது இந்த இரண்டாம் வகைச் சேவை.

விலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் வட்டி இல்லை என்ற சொல்லில் மயங்கி விலையைப் பலரும் பார்ப்பதில்லை. நிறுவனம் தந்த மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நண்பர்கள் வழியாக அறிந்த உள்ளூர் வண்ணம் பூசுபவரிடமும் தரைவேலைக்காரரிடமும் அதே வேலைகளுக்குத் தனியாக விலை கேட்டேன். நிறுவனத்தின் விலை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. 10,000 டாலரில் முடியும் வேலைக்கு 12,500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தாயிரத்தை வீட்டின் மீதான கடன் வசதியிலிருந்து, அதாவது வீட்டை ஈடாகக் காட்டித் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கடனிலிருந்து, ஆண்டுக்கு 9 சதவீத வட்டிக்கு எடுத்து நான்கு மாதத்தில் அடைத்தால் வட்டி 300 டாலர்தான் வரும். ஆக வட்டியில்லாப் பணத்துக்கு நாங்கள் கொடுத்த கூடுதல் தொகை, வட்டியைப் போல் எட்டு மடங்குக்கும் மேல். இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். வீடு விற்காமல் போகும் ஆபத்தையும், பல மாதங்கள் பணம் முடங்கிக் கிடப்பதையும் அந்த நிறுவனம் சுமக்கிறது. ஆனால் வீட்டின் மீதான கடன் வசதி ஏற்கெனவே உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. இங்கே ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: வீடு விற்பனைப் பட்டியலில் ஏறிய பிறகு அந்த வசதியைப் புதிதாகத் தர வங்கிகள் பொதுவாக முன்வருவதில்லை. விற்கும் எண்ணம் தோன்றும்போதே அதைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் அந்தக் கூடுதல் தொகைக்கு நாம் பெறுவது என்ன? என் அனுபவத்தில் அது மேற்பார்வை. வேலைகளுக்கென்று ஒரு வரிசை உண்டு. பழைய கார்பெட்டைப் பிரித்தெடுத்த பிறகே கூரையிலும் சுவரிலும் உள்ள வெடிப்புகளைப் பூச வேண்டும். தரையை இழைத்துத் தூசு அடங்கிய பிறகே வண்ணம். வண்ணம் முடிந்த பிறகே தரையின் கடைசிப் பூச்சு. அது நன்றாகக் காய்ந்த பிறகே ஸ்டேஜிங் செய்பவர்கள் சோபாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரலாம். இதில் ஒருவர் ஒரு நாள் தவறினாலும் அடுத்தவர் வேறு வீட்டுக்குப் போய்விடுவார். ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளி அமர்ந்துகொண்டு நான்கு பேரையும் தொலைபேசியில் ஒருங்கிணைப்பது எங்களால் முடிந்திருக்காது. எங்கள் திட்ட மேலாளர் அதைச் செவ்வனே செய்தார். ஒவ்வொரு நாள் மாலையும் அன்றைய வேலையின் படங்களை அனுப்பினார்.

அவருடைய திறமைக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுடையது 1960களில் கட்டிய வீடு. மாடியறைகளில் நாங்கள் குடிவந்த காலம் முதலே பழுப்பு நிறக் கார்பெட் இருந்தது; அதை எடுத்துவிட்டு வினைல் பலகை பதிப்பது என்றுதான் ஒப்பந்தம். முதல் நாளே அவர் படுக்கையறை அலமாரியின் உள்மூலையில் கார்பெட்டை ஒரு சாண் அளவுக்குத் தூக்கி, அடியிலிருந்த பஞ்சுவிரிப்பையும் விலக்கிப் படமெடுத்து அனுப்பினார். அடியில் செங்கருவாலி (ரெட் ஓக்) மரப்பலகை, ஆணிப்பட்டைகளின் துளைகளைத் தவிர வேறு பழுதில்லாமல், அறுபது ஆண்டுகளாக வெயில் படாத நிறத்தில் இருந்தது. அக்காலத்து நியூ ஜெர்சி வீடுகளில் இது அரிதல்ல. வினைலை விட்டுவிட்டு மரத்தையே இழைத்து மெருகேற்றலாம், செலவும் குறையும் என்று அவரே சொன்னார். தன் நிறுவனத்துக்கு வரும்படி குறையும் யோசனையை ஒருவர் தானாக முன்வந்து சொல்வதை நான் மதிக்கிறேன். வீட்டைப் பார்க்க வந்தவர்கள் அனைவரும் அந்தத் தரையைக் குறிப்பிட்டதாகப் பிறகு எங்கள் முகவர் தெரிவித்தார்.

சமையலறை விஷயத்தில் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டார். கேபினெட்டுகள் அனைத்தையும் கழற்றிவிட்டுப் புதியவை, குவார்ட்ஸ் மேடை, சுவர் ஓடு, புதிய அடுப்பு என்று ஒரு முழுத் திட்டத்தைப் படத்தோடு அனுப்பினார். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் வெளியாகும் ‘காஸ்ட் வெர்சஸ் வேல்யூ’ அறிக்கையின் 2024ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்: ஆடம்பரமான முழுச் சமையலறை மாற்றத்துக்குச் செலவிடும் தொகையில் ஏறக்குறைய 38 சதவீதம்தான் விற்பனையில் திரும்புகிறது, கேபினெட் சட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு செய்யும் சிறிய அளவிலான மாற்றத்துக்கு அது சுமார் 96 சதவீதம். கார் கொட்டகையின் கதவை மாற்றுவதற்கோ செலவைப் போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பக் கிடைப்பதாக அதே அறிக்கை மதிப்பிடுகிறது. இவை நாடு தழுவிய சராசரிகளே. நம் தெருவில் அப்படியே நடக்கும் என்று கொள்ள முடியாது. இருந்தாலும், நாளை நாம் சமைக்கப்போவதில்லாத அடுப்படிக்குப் பெருஞ்செலவு செய்வது தவறு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. வேலை பெரிதானால் நிறுவனத்துக்கும் வரும்படி பெரிதாகும் என்பதையும், வீடு அழகானால் எளிதில் விற்கும் என்பதால் முகவரும் பெரும்பாலும் தலையசைப்பார் என்பதையும் மனத்தில் கொண்டே இத்தகைய திட்டங்களைப் படிக்க வேண்டும்.

நாங்கள் கேபினெட்டுகளுக்கு வண்ணம், புதிய கைப்பிடிகள், மேடைக்கு மேல் விளக்கு, புகைபோக்கி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம். தமிழ் வீட்டுச் சமையலறையை விற்பனைக்குத் தயார் செய்வதில் ஒரு தனி வேலை இருக்கிறது. அதை மதிப்பீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இங்குள்ள பல வீடுகளில் அடுப்புக்கு மேலிருக்கும் விசிறி புகையை வெளியே தள்ளுவதில்லை. ஒரு சல்லடையில் வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறது. பல ஆண்டுத் தாளிப்பும் பொரிப்பும் மேல்வரிசைக் கேபினெட்டுகளின் தலையிலும் கூரையோரத்திலும் பிசுபிசுப்பான மஞ்சள் படலமாகப் படிந்திருக்கும். அதன் மேல் அப்படியே வண்ணம் பூசினால் சில வாரங்களில் உரியும், வாடையும் போகாது. எங்கள் வீட்டுக்கு வந்த வண்ணம் பூசுபவர் முதலில் எண்ணெய் நீக்கும் கரைசலால் இரண்டு முறை துடைத்தார். இரண்டாம் முறையும் துணி பழுப்பாகவே வந்தது. பிறகு மணல்தாளால் தேய்த்து, கறையையும் வாடையையும் அடக்கும் ஷெல்லாக் அடிப்பூச்சு பூசி, அதற்கு மேல்தான் வெள்ளை வண்ணம் அடித்தார். நாங்கள் செய்த செலவுகளில் மிகவும் பயன்பட்டது இதுதான் என்று கருதுகிறேன். வீட்டுக்குள் நுழையும்போது என்ன வாடை என்று நமக்குத் தெரியாது, பழகிவிட்டது. வாங்க வருபவர் அதை வாசலிலேயே உணர்ந்துவிடுவார்.

ஸ்டேஜிங் செய்பவர்கள் பூஜை அலமாரியை அடியோடு எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சுவராக்கிவிடலாம் என்றார்கள். சாமி படங்களை எடுத்துவைப்பதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. நிலைப்படியில் இருந்த மஞ்சள் குங்குமத் தடத்தையும், தோரணம் கட்டிய ஆணிகளையும் நாங்களே நீக்கினோம். ஆனால் எடிசனில் வீடு வாங்க வருபவர்களில் இந்தியக் குடும்பங்கள் மிகப் பலர். வாசல் கிழக்கு பார்த்தது என்று விளம்பரத்திலேயே எழுதும் ஊர் இது. அந்த மாடத்தை வெறுமையாக, வெள்ளை வண்ணத்தோடு அப்படியே விட்டுவிடச் சொன்னோம், முகவரும் உடன்பட்டார். எங்கோ இருந்து படம் பார்த்துத் திட்டம் போடும் வடிவமைப்பாளருக்கு ஊரின் இயல்பு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதை எடுத்துச் சொல்வது நம் பொறுப்பு.

இனி குறைகள். குளியலறையில் கழிப்பறைத் தொட்டியைச் சுற்றியுள்ள தரை ஓடுகளைப் பெயர்த்தபோது அடிப்பலகை ஈரத்தில் உளுத்துப்போயிருந்தது தெரிந்தது. அது யாருடைய தவறும் அல்ல. பழைய வீட்டில் இப்படி வெளிப்படுவது இயல்பு. ஆனால் அதற்கான கூடுதல் வேலை ஆணை மின்னஞ்சலில் வந்து, மறுநாளுக்குள் ஒப்புதல் தரவேண்டும், இல்லையேல் ஆட்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்று நெருக்கியது. குளியலறை பிரித்துப் போடப்பட்ட நிலையில் வேறொருவரிடம் விலை கேட்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். பணத்தை இப்போது கட்டவேண்டியதில்லை என்பதால் இத்தகைய ஆணைகளுக்கு மனம் எளிதில் இசைந்துவிடுகிறது. இந்தச் சேவையின் உண்மையான ஆபத்து இதுவே. உளுத்த பலகை, மறைந்திருக்கும் குழாய்க் கசிவு போன்றவற்றுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று தொடக்கத்திலேயே விலை குறித்து வாங்குவதும், மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பை எழுதச் சொல்வதும் இயலக்கூடியவையே.

இரண்டாவது குறை தாமதம். கைகழுவும் தொட்டியோடு கூடிய அலமாரி உடைந்து வந்து, மாற்று வருவதற்குள் வசந்தகாலச் சந்தையின் நல்ல பகுதி கடந்துவிட்டது. ஒப்பந்தத்தில் தொடங்கும் நாள் இருந்தது; முடிக்கும் நாளுக்கு ‘உத்தேசமாக’ என்ற அடைமொழி இருந்தது; தாமதத்துக்கு அவர்கள் எதுவும் ஈடு செய்யவேண்டியதில்லை. நியூ ஜெர்சியில் சராசரி ஆண்டு வீட்டு வரி 2024இல் 10,000 டாலரைத் தாண்டியது. ஆளில்லாத வீட்டுக்கு வரி, கடன் தவணை, காப்பீடு, மின்சாரம் என்று ஒவ்வொரு மாதமும் போய்க்கொண்டே இருக்கும். விலை ஒப்பீட்டில் இந்தச் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது பணம் எப்போது கட்டவேண்டியதாகிறது என்ற பத்தியில் நிதானமாக நில்லுங்கள். குளோசிங்கில் கட்டினால் போதும் என்று பேச்சில் சொல்வார்கள். தாளில் வேறு சந்தர்ப்பங்களும் இருக்கும். முகவரை மாற்றினால், வீட்டை விற்பதில்லை என்று மனம் மாறினால், குறித்த காலம் கடந்தால் முழுத் தொகையும் உடனே கட்டவேண்டியதாகலாம். அதுவரை வட்டி இல்லாதிருந்த தொகைக்கு அன்று முதல் வட்டியும் ஏறலாம். சில ஒப்பந்தங்களில் பாக்கிக்கு ஈடாக வீட்டின் மீது உரிமைப்பதிவு, அதாவது லீன், வைக்கும் அதிகாரமும் எழுதப்பட்டிருக்கும். இதே காலத்தில் புதிய வீட்டுக்குக் கடன் கேட்பவர்கள் இந்தப் பொறுப்பைத் தங்கள் வங்கியிடம் தெரிவித்தாக வேண்டும். நியூ ஜெர்சியில் வீட்டு விற்பனை ஒப்பந்தத்தை வழக்கறிஞர் பார்வையிட மூன்று வேலைநாள் அவகாசம் உண்டு என்பதால் இங்கு விற்பவர்கள் பெரும்பாலும் வழக்கறிஞரை வைத்திருப்பார்கள். அந்த வழக்கறிஞரிடமே இந்தச் சீரமைப்பு ஒப்பந்தத்தையும் முன்னதாகக் காட்டிவிடுங்கள். வேலையின் தரத்தில் தகராறு இருந்தால், சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் தனிக்கணக்கில் நிறுத்திவைத்துக் குளோசிங்கை நடத்தும் வழியை அவர்தான் பேசி முடிக்க முடியும்.

சட்டம் நமக்குத் தரும் பாதுகாப்புகளும் இருக்கின்றன. இம்மாநிலத்தில் வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தக்காரர் நுகர்வோர் விவகாரப் பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும். 500 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து வடிவ ஒப்பந்தம் கட்டாயம். ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்த மூன்று வேலைநாளுக்குள் ரத்து செய்யலாம். 1978க்கு முன் கட்டிய வீடாக இருந்தால், பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதைச் சுரண்டும் வேலைக்கு மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சான்று பெற்ற நிறுவனத்தையே அமர்த்த வேண்டும். எங்கள் சன்னல் சட்டங்களைச் சுரண்டும்போது நெகிழித்தாளால் மூடிச் செய்தார்கள். கேட்ட பிறகே சான்றைக் காட்டினார்கள், கேட்காமலே காட்டியிருக்க வேண்டும். குழாய், மின்கம்பி ஆகியவற்றை இடம் மாற்றும் வேலைக்கு நகராட்சி அனுமதி தேவை. அனுமதி வாங்கி இறுதிச் சோதனை முடிக்காமல் விட்டால் விற்பனையே தடைப்படலாம். வண்ணம், தரை, விளக்கு என்று நிறுத்திக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

வீடு பட்டியலில் ஏறிய முதல் வாரத்திலேயே, கேட்ட விலைக்குச் சற்று மேலாகவே விற்றது. இதில் எவ்வளவு சீரமைப்பால் வந்தது, எவ்வளவு பள்ளிக்கும் ரயில் நிலையத்துக்கும் அருகே இருந்ததால் வந்தது என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சொல்லும் முகவரை நம்பவும் வேண்டாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பழைய கார்பெட்டோடும் எண்ணெய்ப் படலத்தோடும் வீட்டைக் காட்டியிருந்தால் வந்தவர்கள் குறையைக் காட்டியே விலையைக் குறைக்கப் பேசியிருப்பார்கள்.

சேவைக்கு ஐந்துக்கு மூன்றரை தருவேன். ஊரிலேயே இருந்து, கையில் பணமும் நம்பகமான வேலையாட்களும் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். ஏற்கெனவே குடிபெயர்ந்துவிட்டவர்களுக்கும், பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டைத் தொலைவிலிருந்து விற்கும் பிள்ளைகளுக்கும் பரிந்துரைப்பேன். எங்கள் பழைய தெருவில் ஓய்வு பெற்ற தம்பதியர் இருக்கிறார்கள். மாமா இதைப் பற்றி விசாரித்தபோது, மகளையோ மகனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள் மாமா என்றுதான் சொன்னேன். சேமிப்பு முழுவதும் வீட்டிலேயே இருக்கும் முதியவர்களுக்கு இது மிகவும் உதவும். பெரிய வேலைகளை அவர்கள் தலையில் கட்டுவதும் அதே அளவுக்கு எளிது.

கணக்கு முடிக்கும் தாளில் சீரமைப்புத் தொகை ஒரே வரியாகத்தான் வரும். அதோடு விட்டுவிடாமல், வேலை வாரியாகப் பிரித்த விலைப்பட்டியலையும், துணை ஒப்பந்தக்காரர்களுக்குப் பணம் கொடுத்தாயிற்று என்பதற்கான எழுத்துச் சான்றையும் குளோசிங்குக்குச் சில நாட்கள் முன்பே வாங்கிவிடுங்கள். வரிக் கணக்குக்கும் அது தேவைப்படும். சொந்தக் குடியிருப்பை விற்ற ஆதாயத்தில் தனிநபருக்கு 250,000 டாலர், கூட்டாகக் கணக்குக் காட்டும் தம்பதியருக்கு 500,000 டாலர் வரை, கடைசி ஐந்தாண்டில் இரண்டாண்டு குடியிருந்திருந்தால், மத்திய வரி கிடையாது. இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர்களில் சிலர் இப்போது அந்த வரம்பை எட்டுகிறார்கள். புதிய குளியலறை போன்ற மேம்பாட்டை வீட்டின் அடக்கவிலையோடு சேர்க்கலாம். வெறும் வண்ணப்பூச்சையும் பழுதுபார்ப்பையும் பொதுவாகச் சேர்க்க முடியாது. ஸ்டேஜிங்கை விற்பனைச் செலவாகக் காட்டுவது வழக்கம். எங்களுக்கு அந்தப் பட்டியல் மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகே கிடைத்தது. குளோசிங் முடிந்த பின் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.